நாலாம் மேசைச் சில்லுகள்

அன்று காலையிலேயே கடுகுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அதற்கு முன்பு அவள் சாந்தமாக இருந்தாள் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். ஆள் சின்னவள், சூடு பட்டால் வெடிப்பவள். அதனால்தான் அந்த வயர்லெஸ் கம்பெனியில் அவளுக்கு அந்தப் பெயரே வந்தது. பத்து வருடமாகப் பழுது பார்க்கும் பகுதி அவள் பொறுப்பில் இருந்தது. மேலாளர்கூடக் கதவோரம் நின்று அவள் முகம் எப்படியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

தர ஆய்வாளருக்கு அந்த முன்யோசனை கிடையாது. அவரை எல்லாரும் இஸ்திரி என்பார்கள். சட்டையில் மட்டுமல்ல, முகத்திலும் ஒரு சுருக்கம் இருக்காது. அவர் நேராக வந்து, பதினொரு சர்க்யூட் போர்டுகள் அடுக்கிய தட்டு ஒன்றை அவள் மேசையில் வைத்தார்.

"இந்த பதினொண்ணும் ஆம்புலன்ஸ்ல இருந்து திரும்பி வந்த வயர்லெஸ் செட்டு. எல்லாத்துலயும் ஆன்டெனா ஸ்விட்ச் செத்துப்போச்சு. ஒம்போது நாலாம் மேசையில டெஸ்ட் பண்ணது. நாலு மணிக்கு மீட்டிங். நிலைமின்சாரம்தான் காரணம்னு எழுதி நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

"யாருக்குப் போதும்?"

"நாலாம் மேசைக்காரம்மா ரிஸ்ட் ஸ்ட்ராப் கட்டாம வேலை செஞ்சிருக்காங்க. இன்னையோட நிறுத்திடறதுன்னு பேசியாச்சு."

"கட்டாம செஞ்சத நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கணும்னு இல்லையே. போர்டே சொல்லுதே."

இஸ்திரி போய்விட்டார். கடுகு அவர் முதுகையே முறைத்துக்கொண்டிருந்தாள். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் போர்டிலுள்ள சில்லைத் தாக்காமல் இருக்க மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பட்டைதான் அந்த ஸ்ட்ராப். மற்ற மேசைகளில் இருப்பவர்கள் அதை மறந்துவிட்டு, யாராவது வருகிற சத்தம் கேட்டதும் அவசரமாகத் தேடுவார்கள். நாலாம் மேசைக்காரி மட்டும் கை கழுவப் போகும்போதுகூட அதைக் கழற்ற மாட்டாள். ஒயரைப் பிடுங்கிவிட்டு, பட்டையோடேயே போய் வருவாள். ஊரறிந்த விஷயம் அது. இப்படி ஒரு பச்சைப் பொய்யைச் சொல்ல அந்த மனுஷனுக்கு எப்படி நாக்கு வந்தது?

இதில் ஒரு சங்கடம் இருந்தது. நாலாம் மேசைக்காரி கடுகின் அண்ணி. கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே கம்பெனி. ஆனால் ஆறு மாதமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

கடுகு மூன்று வருடம் வாழ்ந்து பார்த்து, இனி முடியாது என்று பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். மாடியில் இருந்த ஒரே அறையை அண்ணன் அவளுக்குக் கொடுத்தான். ஆறு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம் அவள் படியிறங்கி வரும்போது, சமையலறையில் அண்ணி அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "வாழாம வந்தவளுக்கு எதுக்குத் தனி ரூம்? நம்ம பசங்க அடுப்புப் பக்கத்துல உட்கார்ந்து படிக்குதுங்க." கடுகு பாதிப் படியில் நின்றாள். திரும்பிய அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்கு மூடிய வாயைக் கடுகு திறக்கவேயில்லை. சண்டை போட்டிருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும். அவள் சண்டைகூடப் போடவில்லை.

ஆனாலும் அண்ணி தினமும் காலையில் இரண்டு சாப்பாட்டு டப்பா கட்டுவாள். ஒன்றைத் தன் பையில் வைப்பாள், மற்றொன்றைச் சமையல் மேடை ஓரத்தில் தள்ளி வைப்பாள். கடுகு அதை எடுத்துக்கொள்வாள். சாயங்காலம் கழுவி அதே இடத்தில் கவிழ்த்து வைப்பாள். அந்த டப்பாவைத் தவிர இருவருக்கும் நடுவில் வேறு போக்குவரத்து கிடையாது.

'எனக்கு வேண்டாதவளா இருக்கலாம். அதுக்காக எவனோ செஞ்ச தப்பை அவ தலையில கட்டறதுக்கு இவன் யாரு? அவளைத் திட்டறதுன்னா நான் திட்டிக்கறேன்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு மீட்டரை எடுத்தாள்.

அந்தக் கருவிக்கு ஆன்டெனா ஒன்றுதான். பேசும்போது அதைப் பேசும் பக்கமும், கேட்கும்போது கேட்கும் பக்கமும் திருப்பிவிடுவது அரிசியைவிடச் சின்ன ஒரு சில்லு. அதுதான் ஆன்டெனா ஸ்விட்ச். அது செத்தால் பேசும் பக்கமே சிக்கிக்கொள்ளும். ஆம்புலன்ஸில் இருப்பவர் கத்திக்கொண்டேயிருப்பார், எதிர்முனையில் சொல்லும் பதில் காதில் விழாது. "பேச மட்டும் தெரியும், கேக்கத் தெரியாது. நம்ம மேலாளரைப் பார்த்துத்தான் செஞ்சிருக்காங்க" என்று இரண்டாம் மேசைக் கண்ணாடிக்காரி ஒருமுறை சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். இன்று கடுகுக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று தெரியாமல் ஒரு வண்டி நின்றிருக்கும்.

ஒவ்வொரு போர்டாக அளந்தாள். பதினொன்றிலும் செத்தது ஒரே இடம்தான். சில்லை இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு என்று சொல்லும் கண்ட்ரோல் காலுக்கும், அதற்கு உயிர் கொடுக்கும் சப்ளைக் காலுக்கும் நடுவில் ஷார்ட்டாகி ஒட்டிக்கொண்டிருந்தது. நிலைமின்சாரம் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும். ஒரு போர்டில் இங்கே, இன்னொன்றில் அங்கே. பதினொரு முறையும் ஒரே காலைத் தேடிப்பிடித்து அடிக்காது. இஸ்திரியின் கதை அந்த நிமிஷமே கிழிந்துவிட்டது.

அப்படியானால் வேறு ஒன்றுதான். வரிசை தப்பியிருக்கிறது. அந்தச் சில்லுக்கு முதலில் சப்ளை வர வேண்டும். பிறகுதான் கண்ட்ரோல். அதற்கும் பிறகுதான் ரேடியோ அலை. சப்ளை வராமல் கண்ட்ரோல் மட்டும் வந்தால், வாசற்கதவு பூட்டியிருக்கும்போது ஜன்னல் வழியாக வீட்டுக்குள் குதிப்பதுபோல மின்சாரம் தப்பான வழியில் உள்ளே போகும். பிறகு சப்ளையும் வந்து சேர்ந்தால் உள்ளே சூடாகிப் புண்ணாகும். சில்லு உடனே சாகாது என்பதுதான் இதில் பெரிய கொடுமை. சோதனையில் தேறிவிடும். ஆம்புலன்ஸில் ஏறி ஒரு மாதம் ஓடிவிட்டுத்தான் சாகும்.

நாலாம் மேசையில் மட்டும் வரிசை எப்படித் தப்பும்? நாலு மேசையிலும் ஒரே மாதிரி சோதனைப் பெட்டிதானே இருக்கிறது? அவளே கட்டிய பெட்டிகள் அவை. போர்டை உள்ளே வைத்து மூடியை அழுத்தினால் கீழேயிருந்து ஊசிகள் வந்து தொடும். சப்ளை ஊசி நீளம், கண்ட்ரோல் ஊசி குட்டை. நீளமானது முதலில் தொடும். வரிசை தானாகவே சரியாக அமைந்துவிடும்.

நாலாம் மேசையைச் சேராத மற்ற இரண்டு போர்டுகளையும் தனியே எடுத்தாள். இரண்டும் கண்ணாடிக்காரியின் மேசை. இரண்டும் ஒரே தேதி. கடுகு தன் குறிப்பேட்டைப் புரட்டினாள். அன்றைக்குச் சோதனைக் கூடத்தில் இரண்டு தடவை கரண்ட் போயிருந்தது. மேசைச் சப்ளை எல்லாம் அணைந்தது. கம்ப்யூட்டர்கள் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன.

சில்லுக்குக் கண்ட்ரோலை அனுப்பும் கண்ட்ரோல் பெட்டிக்குக் கரண்ட் வருவது கம்ப்யூட்டரிலிருந்து.

அவள் ஒரு நல்ல போர்டைத் தன் மேசையிலும் இருந்த அதே மாதிரிச் சோதனைப் பெட்டியில் வைத்து மூடினாள். சப்ளையை அணைத்தாள். சப்ளைக் காலில் மீட்டரை வைத்தாள். ஒன்றுமே இருக்கக் கூடாது. ஒன்று புள்ளி ஒன்பது வோல்ட் காட்டியது. ஜன்னல் வழியாகக் குதித்த மின்சாரம் உள்ளே உட்கார்ந்திருந்தது.

கடுகு எழுந்து சோதனைக் கூடத்துக்கு நடந்தாள். அண்ணியிடம் பேசவில்லை, தூண் பக்கத்தில் நின்று பார்த்தாள். முதல் மேசைக்காரி மூடியைத் தூக்கினாள், போர்டை மாற்றினாள், மூடியை அழுத்தினாள். இரண்டாம் மேசையும் மூன்றாம் மேசையும் அப்படியே செய்தன. சப்ளையை யாரும் தொடவில்லை. நாலாம் மேசையில் அண்ணி முதலில் சப்ளையை அணைத்தாள். மூடியைத் தூக்கிப் போர்டை மாற்றினாள். மூடினாள். சுவரில் ஒட்டியிருந்த தாளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சப்ளையைப் போட்டாள். ஒவ்வொரு போர்டுக்கும் அதே பக்தி. ஒவ்வொரு போர்டுக்கும் ஜன்னல் திறந்து, வாசல் பூட்டி.

சுவரில் இருந்த தாளின் மூன்றாவது வரி: 'போர்டை எடுப்பதற்கு முன் சப்ளையை அணைக்கவும்.' பழைய தாள். கண்ட்ரோல் பெட்டியும் மேசைச் சப்ளையிலேயே ஓடிய காலத்தில் எழுதியது. அப்போது அது சரியான வரிதான், ஒன்றை அணைத்தால் இரண்டும் அணையும். சப்ளையிலிருந்து இரைச்சல் வருகிறது என்று கண்ட்ரோல் பெட்டியைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியதே கடுகுதான். மாற்றிய அன்றே, 'இனி சப்ளையை அணைக்கக் கூடாது, தாளை மாற்றவும்' என்று எழுதி இஸ்திரியிடம் கொடுத்திருந்தாள்.

கிட்டத்தட்ட ஓடியே தன் அறைக்கு வந்தாள். அலமாரியைக் கலைத்துப் போட்டு அந்தக் கடிதத்தின் நகலைத் தேடி எடுத்தாள். கீழே இஸ்திரியின் கையெழுத்து, அதுவும் மடிப்புக் கலையாமல் இருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவர் கோப்பில் செருகிவிட்டு மறந்துவிட்டார். ஒரே ஒரு தாளை மாற்றி ஒட்ட ஆறு மாதம் போதவில்லை. தாளில் எழுதியிருப்பதை மீறாமல் வேலை செய்த ஒரே ஆளை இன்று வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்!

"இன்னைக்கு உன் சட்டையக் கசக்காம விடறதில்ல" என்று அந்தக் கையெழுத்தைப் பார்த்து வாய்விட்டே சொன்னாள். சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை. டப்பா பையிலேயே கிடந்தது.

மூன்றரை மணிக்குக் கண்ணாடிக்காரி எட்டிப் பார்த்தாள். "என்ன, முகமெல்லாம் ஜொலிக்குது?"

கடுகு மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். கேட்டுக்கொண்டிருந்த கண்ணாடிக்காரி, "ஆமா, அந்தத் தாள யாரு பார்க்கறா?" என்றாள். "நீதான் அன்னைக்கே ஒவ்வொரு மேசையா வந்து சொன்னியே. சப்ளைய அணைக்காதீங்க, மூடியத் தூக்கினா போதும், அணைச்சா சில்லு போயிடும்னு. உங்க அண்ணிக்கு மட்டும் எப்படி மறந்துச்சு?"

கடுகு கையிலிருந்த நகலை மேசையில் வைத்தாள்.

அன்றைக்கு அவள் முதல் மேசையில் சொன்னாள். இரண்டாம் மேசையில் சொன்னாள். மூன்றாம் மேசையில் சொன்னாள். நாலாம் மேசைக்கு ஆறடி இருந்தது. படியிறங்கும்போது அந்தப் பேச்சைக் கேட்டு நாலே நாள்தான் ஆகியிருந்தது. அண்ணி நிமிர்ந்து பார்த்தாள், ஏதோ சொல்ல வருகிறாள் என்று கையிலிருந்த மீட்டர் ஊசியைக்கூடக் கீழே வைத்தாள். கடுகு திரும்பி நடந்துவிட்டாள். 'தாள் மாறும்ல, அதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டதுகூட இப்போது நினைவுக்கு வந்தது. அப்படி நினைத்ததில் ஒரு சின்னத் திருப்தி இருந்ததும் நினைவுக்கு வந்தது.

காலையிலிருந்து யார் யார்மேலோ எரிந்த கோபம் எல்லாம் மொத்தமாகத் திரும்பி அவள் முகத்திலேயே அறைந்தது.

"என்னடி ஆச்சு?" என்றாள் கண்ணாடிக்காரி.

"ஒண்ணுமில்ல. நீ போ."

மேலாளர் அறையில் நாலே நாற்காலி. மேலாளர், இஸ்திரி, கடுகு. கதவோரம் அண்ணி. மணிக்கட்டில் அந்தப் பட்டை அப்படியே இருந்தது, ஒயர் மட்டும் தொங்கியது. அதைப் பார்த்ததும் கடுகு பார்வையைத் திருப்பிக்கொண்டாள். உடனே அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"கையெழுத்துப் போட்டாச்சா?" என்றார் மேலாளர்.

"போட மாட்டேன். இது நிலைமின்சாரமே இல்ல." கடுகு மீட்டர் அளவுகளை மேசையில் பரப்பினாள். கரண்ட் போன தேதியைக் காட்டினாள். வரிசை தப்பினால் என்ன ஆகும் என்பதை வாசலும் ஜன்னலும் வைத்து விளக்கினாள். மேலாளர் வாழ்க்கையில் முதல் முறையாக நடுவில் பேசாமல் கேட்டார். கடைசியில் கடிதத்தின் நகலை எடுத்து இஸ்திரியின் முன்னால் வைத்தாள்.

"இது யாரு கையெழுத்து சார்?"

இஸ்திரியின் முகத்தில் முதல் சுருக்கம் விழுந்தது. "வேலை நெருக்கடியில..."

"நெருக்கடியா? ஒரு தாள ஒட்டறதுக்கு நெருக்கடி. ஒரு ஆள வேலைய விட்டு அனுப்பறதுக்கு மட்டும் அரை நாள்ல நேரம் கிடைச்சுதா? ஸ்ட்ராப் கட்டலன்னு சொன்னீங்களே, அதோ பாருங்க அந்தக் கைய. நல்லாப் பாருங்க!"

இஸ்திரி பார்க்கவில்லை. ஆனால் அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "சரி, தாள் மாறல. என் தப்புதான். அப்ப மத்த மூணு மேசைக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மேலாளரும் கடுகின் பக்கம் திரும்பினார்.

கடுகுக்கு இரண்டு பதில்கள் நாக்கு நுனிவரை வந்தன. 'அவங்க சோம்பேறிங்க, தாளையே பார்க்கறதில்ல' என்று சொல்லலாம். கண்ணாடிக்காரி காட்டிக்கொடுக்க மாட்டாள். அல்லது, 'நாலு பேருக்கும் நான்தான் சொன்னேன், இவங்க மறந்துட்டாங்க' என்று சொல்லலாம். அண்ணி மறுத்தால் யார் நம்புவார்கள்? இப்படியொரு ஈனமான பொய் தனக்கு இவ்வளவு சீக்கிரம் தோன்றியதே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"நான் சொன்னேன்" என்றாள். "மூணு மேசைக்கும் நானே போய் வாயால சொன்னேன். நாலாம் மேசைக்குச் சொல்லல."

"ஏன்?" என்றார் மேலாளர்.

"எங்களுக்குள்ள பேச்சு இல்ல. வீட்டு விஷயம். அதை இங்க கொண்டுவந்தது நான். அந்தச் சில்லெல்லாம் செத்தது என்னாலதான். இன்னும் வெளிய இருக்கற நாலாம் மேசை செட்டு ஒண்ணு விடாம திரும்ப வரணும் சார். இப்ப நல்லாத்தான் இருக்கும், நம்பாதீங்க."

மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு கத்தினார். நிறையவே கத்தினார். நாலாம் மேசைக்காரம்மா வேலையில் இருப்பார், இஸ்திரி இன்றைக்கே தாளை மாற்ற வேண்டும், நாலாம் மேசை செட்டுகள் எல்லாம் திரும்பி வரும், கடுகுக்கு எழுத்தில் எச்சரிக்கை, பழுது பார்க்கும் பொறுப்பு மறு உத்தரவு வரை வேறு ஆளுக்கு. அவள் வெடிக்காததைப் பார்த்து மேலாளரே கொஞ்சம் பயந்துபோய்க் குரலைத் தணித்தார்.

அண்ணி எழுந்து போய்விட்டாள்.

சாயங்காலப் பஸ்ஸில் கடுகு வழக்கம்போலப் பின்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அண்ணி வழக்கமாக முன்னால் உட்காருவாள். இன்று நேராகப் பின்னால் வந்து, அவள் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அது நடந்து வந்த மூச்சு இல்லை.

"நான் சொன்னது தப்பு" என்றாள் அண்ணி. "வாழாம வந்தவன்னு சொன்னது தப்பு. அன்னைக்கே தெரியும் எனக்கு. நீ கீழ வந்து நாக்கப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேப்பேன்னு காத்துட்டிருந்தேன். நீ கேக்கல. சரி, வீட்டுல பேசாத. அது உன் இஷ்டம். ஆனா வேலையில?"

"அண்ணி..."

"வாய மூடு. நான் பேசி முடிக்கல. ஆறு மாசமா தினம் விடிஞ்சதும் எந்திரிச்சு உனக்கு டப்பா கட்டினேனா இல்லையா? என்மேல இருக்கற கோவத்துல ஒரு நாளாவது அத வேண்டாம்னு வெச்சுட்டுப் போனியா? நான் கட்டினத மட்டும் தின்ன முடிஞ்சுது. 'சப்ளைய அணைக்காதீங்க'ன்னு ரெண்டு வார்த்தை சொல்ல முடியல. இல்ல?"

பத்து வருடமாக யாரையும் கடைசி வார்த்தை பேசவிடாத கடுகு, மடியில் இருந்த பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். முன் சீட்டில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். அண்ணி அவரையும் ஒரு முறை முறைத்தாள், அவர் திரும்பிக்கொண்டார்.

"என் கையால ஒரு சில்லு போகக் கூடாதுன்னு அந்தத் தாள மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். அத்தனையையும் நானே கொன்னிருக்கேன். ஒவ்வொண்ணா. அத நினைச்சா எனக்கு இன்னைக்குத் தூக்கம் வருமா?" அவள் குரல் உடைந்தது. அழுகை இல்லை, ஆத்திரம். கடுகின் மடியில் இருந்த பையை இழுத்தாள். கழுவிக் கவிழ்க்க வேண்டிய டப்பா கனமாக இருந்தது.

"தின்னலையா?"

"இல்ல."

"காலையிலேர்ந்தா?"

கடுகு தலையாட்டினாள். அண்ணி டப்பாவைத் திறந்து, ஆறிப்போன சாப்பாட்டோடு அவள் மடியில் தள்ளினாள்.

"தின்னு. நான் இன்னும் திட்டி முடிக்கல."

வீடு வர முக்கால் மணி நேரம் ஆகும். அண்ணி ஒரு நிமிஷமும் நிறுத்தவில்லை. கடுகு எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல், குலுங்கும் பஸ்ஸில் கடைசிப் பருக்கை வரை தின்றாள்.